அயர்லாந்தின் மேற்குக் கரையில் மும்பை ஃபோன்: எது ஓடும், எது படுத்துக்கொள்ளும்

டப்ளினில் மகனோ மகளோ வேலையில் இருந்தால், மும்பை மழை பிடிக்கும் நேரத்தில் மூன்று வாரம் அங்கே போய் இருந்துவிட்டு வருவது செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் வீடுகளில் இப்போது பழகிப்போன விஷயம். அதில் ஒரு வாரத்தை ஒதுக்கி, வாடகைக் காரில் மேற்குக் கரையை ஒரு சுற்றுச் சுற்றாமல் யாரும் திரும்புவதில்லை. வடக்கே டோனகலில் தொடங்கித் தெற்கே கார்க் கவுண்டியின் கின்சேல் வரை சுமார் 2,500 கிலோமீட்டர் ஓடும் அந்தச் சாலைக்கு 2014-இலிருந்து வைல்ட் அட்லாண்டிக் வே என்று பெயர். அலை வடிவக் குறி போட்ட பலகையைப் பிடித்துக்கொண்டே போனால் வழி தவறாது என்பார்கள். பாதிதான் உண்மை.

கடலும் பாறையும் எப்படி இருக்கும் என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே மதிப்பெண் போடுவது பையில் எடுத்துப் போகும் சாமான்களுக்கு: மேப், சிம், கார்டு, பிளக், வாடகைக் கார். எல்லாவற்றுக்கும் ஒரே பரீட்சைதான். சிக்னல் போன பிறகும் வேலை செய்கிறதா?

சிக்னல் நிச்சயம் போகும். அயர்லாந்தில் சொந்த நெட்வொர்க் வைத்திருக்கும் நிறுவனங்கள் மூன்று: வோடஃபோன், த்ரீ, ஏர். மும்பையில் ஒரு டவரை விட்டால் அடுத்தது நாலு கட்டடம் தள்ளி நிற்கும். கெர்ரி, கானமாரா, மேயோ பக்கம் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன, டவர்களும் அப்படியே. நடுவில் ஒரு மலை குறுக்கிட்டால் போதும், நாலு கோடு காட்டிய ஃபோன் அடுத்த திருப்பத்தில் ஒன்றும் காட்டாது. தீபகற்பங்களின் நுனியில், மலைக்கும் கடலுக்கும் இடையில் ஒட்டிக்கொண்டு போகும் சாலைகளில் இது ரொம்ப மோசம். அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான காம்ரெக், எந்த நிறுவனத்தின் சிக்னல் எங்கே எட்டும் என்று ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. ராத்தங்கப் போகும் ஊர்களை அதில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு சிம் வாங்குவதே முறை. ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அது திறந்த வெளியில் நிற்கும் ஃபோனுக்கான கணக்கு. இரண்டடிக் கல் சுவருக்குள் போனால் அதில் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

இதே கரையிலிருந்துதான் கண்டங்களுக்கு இடையே தந்தி போனது என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கும். 1858-இல் கெர்ரியின் வாலன்சியா தீவிலிருந்து நியூஃபவுண்ட்லாந்துக்கு அட்லாண்டிக்கின் அடியில் முதல் கேபிள் போனது. விக்டோரியா ராணி அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு அனுப்பிய 98 சொல் வாழ்த்து போய்ச் சேரச் சுமார் 16 மணி நேரம் பிடித்தது. அவ்வளவு நீளக் கம்பி ஒரு பெரிய கெப்பாசிட்டர் மாதிரி மின்னேற்றத்தைத் தேக்கிக்கொள்ளும். ஒரு துடிப்பு வடியும் முன் அடுத்ததை அனுப்பினால் இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். பொறுப்பிலிருந்த வைட்ஹவுஸ் பொறுமையாக அனுப்புவதை விட்டுவிட்டு வோல்டேஜைச் சுமார் 2,000 வரை ஏற்றிப் பார்த்தார். இன்சுலேஷன் தாங்கவில்லை, சுமார் மூன்று வாரத்தில் கேபிள் செத்தது. 1866-இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் போட்ட கேபிள்தான் நிலைத்தது. அதே கப்பல்தான் 1870-இல் நம் பம்பாய்க்கும் ஏடனுக்கும் நடுவே கேபிள் இறக்கியது.

வடக்கே கிளிஃப்டன் பக்கத்தில், டெரிகிம்லா சதுப்பில், மார்க்கோனி 1907-இல் அந்த மண்ணிலேயே வெட்டிய பீட் என்ற மக்கிய தாவர மண்ணை எரித்து மின்சாரம் எடுத்து, கம்பியில்லாத் தந்தியை நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பினார். 1919 ஜூன் 15 அன்று அட்லாண்டிக்கை நிற்காமல் கடந்த முதல் விமானத்தோடு ஆல்காக்கும் பிரவுனும் மூக்குக் குத்தி விழுந்ததும் அதே சதுப்பில்தான். அங்கே 5 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. தொழில்நுட்பத்தில் ருசி உள்ளவர்களுக்கு மோஹர் செங்குத்துப் பாறைகளைப் பார்க்க வரும் கூட்டத்தில் நிற்பதைவிட இது நல்ல அரை நாள். 2016-இலிருந்து மேயோவின் கில்லாலாவில் அமெரிக்காவிலிருந்து வரும் கண்ணாடி இழைக் கேபிள் ஒன்று கரையேறுகிறது. இத்தனையும் காலடியில் ஓட, கையிலிருக்கும் ஃபோன் “நோ சர்வீஸ்” என்கிறது.

மேப்புக்கு வருவோம். கூகுள் மேப்ஸில் ஆஃப்லைன் பகுதியை டவுன்லோட் செய்துகொண்டால் கார் ஓட்டும் வழி மட்டும் கிடைக்கும். நடைவழி, சைக்கிள், பஸ் எதுவும் கிடைக்காது. டிராஃபிக் தெரியாது, மாற்று வழி காட்டாது. டவுன்லோடுக்குக் காலாவதியும் உண்டு. ஏப்ரலில் இறக்கியதை ஆகஸ்டில் நம்பிப் போகாமல், விமானம் ஏறும் முந்தின நாள் வீட்டு வைஃபையில் ஒருமுறை அப்டேட் கொடுத்துவிடுங்கள். மேற்குக் கரை முழுவதையும் ஒரே சதுரத்தில் அடக்கப் பார்க்காமல் டோனகல்-ஸ்லைகோ, மேயோ-கால்வே, கிளேர்-கெர்ரி-கார்க் என்று மூன்று துண்டாக இறக்கினால் புதுப்பிப்பதும் அழிப்பதும் சுலபம்.

கூகுளின் பெரிய குறை, ஆஃப்லைனில் அது சொல்லும் நேரக் கணக்கு. அங்கே போரீன் என்ற ஒரு வகைச் சாலை உண்டு. ஒரு கார் அகலம், இரு பக்கமும் கல் சுவரோ முள்வேலியோ, நடுவில் புல் முளைத்திருக்கும். எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னாலேயே போய் ஒதுங்க வேண்டும். மேப்புக்கு அதுவும் ஒரு சாலை, அதுவும் குறுக்கு வழி. இரண்டு கிலோமீட்டர் மிச்சம் என்று உள்ளே இழுத்துவிட்டு அரை மணி நேரத்தைத் தின்றுவிடும். சாலை எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். என் என்று தொடங்கினால் தேசியச் சாலை, ஆர் என்றால் பிராந்தியச் சாலை, எல் என்றால் உள்ளூர்ச் சாலை. ஊர் தெரியாதவர் எல் சாலையைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம். கரையோரமாக மணிக்கு 40 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்தால் ஏமாற்றம் வராது.

இன்னொரு பிசகு வேக வரம்பில். உள்ளூர் கிராமச் சாலைகளுக்கு 80 என்று இருந்த பொது வரம்பு 2025 பிப்ரவரி 7 முதல் 60 ஆகிவிட்டது. பழைய தரவோடு இருக்கும் மேப் இன்னும் 80 காட்டினால் நம்ப வேண்டாம். பல வளைவுகளில் 60-ஏ அதிகம் என்பது ஓட்டிப் பார்த்தால் தெரியும். வடக்கு அயர்லாந்துக்குள் நுழைந்துவிட்டால் பலகையில் இருப்பது மைல். டோனகலில் எல்லை எங்கே என்று சொல்ல ஒரு செக்போஸ்ட்கூட இருக்காது. பலகை மாறியதும் கண் விழித்துக்கொள்ள வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு அது வேறு நாடு, கையிலிருக்கும் விசா அங்கேயும் செல்லுமா என்று முன்பே பார்த்துக்கொள்ள மறக்கக்கூடாது.

நடப்பவர்களுக்கு ஆர்கானிக் மேப்ஸ் கூகுளைவிட மேல். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை வைத்து ஓடுவது, இலவசம், விளம்பரம் இல்லை, முழுக்க ஆஃப்லைன். மலையின் உயரக் கோடுகளும் ஒற்றையடிப் பாதையும் அதில் தெரியும். கடை எத்தனை மணிக்கு மூடும் என்பது சிலவற்றுக்குத்தான் இருக்கும், எந்த ஹோட்டல் நன்றாக இருக்கும் என்பது அதற்குத் தெரியாது. இரண்டையும் வைத்துக்கொண்டு, ஓட்டுவதற்குக் கூகுள், இறங்கி நடப்பதற்கு ஆர்கானிக் என்று பிரித்துக்கொள்வதே சரி.

ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை, செயற்கைக்கோள் சமிக்ஞை போதும். ஆனால் விமானத்திலிருந்து இறங்கி ஃபோனை முதல்முறை எழுப்பும்போது இடம் பிடிக்கத் திணறும். எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை இணையத்திலிருந்து எடுத்தால் சில நொடி. வானத்திலிருந்தே எடுத்தால் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் அரை நிமிடமாவது தடையில்லாமல் கேட்க வேண்டும். அதனால் ஏர்போர்ட் வைஃபையில் ஒருமுறை மேப்பைத் திறந்து நீலப் புள்ளியை நிலைநிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். சதுப்புக்கு நடுவில் போய்த் திறந்துவிட்டு ஃபோன் கெட்டுப்போனது என்று பதற வேண்டாம்.

இந்த மொத்தப் பட்டியலில் முதல் மதிப்பெண் ஏர்கோடு என்ற அஞ்சல் குறிக்குத்தான். தாராவியில் ஒருவர் வீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? 90 அடி ரோடு, இன்ன சால், பம்புக்கு எதிர்ச்சந்து, கேட்டால் சொல்வார்கள். கிராமத்து அயர்லாந்தும் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு எண் கிடையாது, தெருவுக்குப் பெயர் கிடையாது, டவுன்லேண்ட் என்கிற நிலப்பகுதியின் பெயர் மட்டும்தான் விலாசம். நாடு முழுக்க அப்படி 60,000-க்கும் மேற்பட்ட பகுதிகள். ஒரே பகுதியில் பத்து வீடு இருந்தால் பத்துக்கும் ஒரே விலாசம், தபால்காரர் தலைக்குள்தான் மிச்ச விவரம். 2015 ஜூலையில் வந்த ஏர்கோடு அந்தத் தலையை வேலையிலிருந்து விடுவித்தது. ஒவ்வொரு விலாசத்துக்கும் ஏழு எழுத்து-எண் கொண்ட தனிக் குறி. முதல் மூன்று வட்டாரத்தைச் சொல்லும்: வி23 என்றால் வாலன்சியா அடங்கிய காஹர்சிவீன் பக்கம், ஹெச்71 என்றால் கிளிஃப்டன் பக்கம். கடைசி நான்கும் அந்த வீட்டுக்கே உரியது.

இரண்டு நுணுக்கம். பக்கத்து வீட்டுக் குறியிலிருந்து இந்த வீட்டுக் குறியை ஊகிக்க முடியாது, வேண்டுமென்றே கலைத்துப் போட்டிருக்கிறார்கள். அதனால் ஓர் எழுத்து தப்பினால் நீங்கள் போய் நிற்பது அடுத்த வாசலிலாக இருக்காது, எங்கோ பல மைல் தள்ளி இருக்கலாம். கடைசி நான்கில் ஐ, ஓ போல எண்ணோடு குழம்பும் ஆங்கில எழுத்துகளை விலக்கிவிட்டார்கள். ஆகவே வட்டமாகத் தெரிவது எப்போதும் பூஜ்யம்தான்.

தங்குமிடம் பதிவானதும் அவர்கள் அனுப்பும் மின்னஞ்சலில் ஏர்கோடைத் தேடுங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அதை மும்பையிலேயே கூகுளில் போட்டு, வந்து விழும் கூரை நீங்கள் ஃபோட்டோவில் பார்த்த வீடுதானா என்று சாட்டிலைட் படத்தில் சரிபார்த்து, புள்ளியைச் சேமித்துவிடுங்கள். சேமிப்பது ஏன் முக்கியம் என்றால் ஆஃப்லைனில் ஏர்கோடைத் தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை கூடாது. ஆர்கானிக் மேப்ஸில் இன்னும் மோசம். ஏர்கோடு தரவு காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டிய சரக்கு, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஆங்காங்கே தன்னார்வலர்கள் கையால் ஏற்றியது மட்டுமே இருக்கும்.

ஏர்கோடின் எல்லையும் இதிலேயே தெரிகிறது. அது கட்டடத்துக்கு ஒட்டிய குறி. கடற்கரைக்கோ, நடைபாதை தொடங்கும் இடத்துக்கோ, கார் பஞ்சரான வளைவுக்கோ ஏர்கோடு கிடையாது. நம் அஞ்சல் துறை 2025-இல் கொண்டுவந்த டிஜிபின் இதற்கு நேர் எதிர். நாட்டையே நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டங்களாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறி. கடலோரப் பாறைக்கும் குறி உண்டு, ஆனால் பத்து மாடிக் கட்டடத்தில் எல்லா மாடிக்கும் ஒரே குறிதான். தாராவிக்கு எது உதவும் என்று கேட்டால், ஏணி வைத்த மேல்மாடி வீடுகளைப் பார்த்தவர் ஏர்கோடு பக்கமே சாய்வார். மேயோவின் பாறைமேல் கால் சுளுக்கி உட்கார்ந்திருப்பவர் டிஜிபின்னுக்கு ஏங்குவார். அப்படி மாட்டிக்கொண்டால் 112-ஐ அழைத்து, கடலோரம் என்றால் கடலோரக் காவல் படையான கோஸ்ட் கார்டைக் கேளுங்கள். உங்கள் நிறுவனத்துச் சிக்னல் இல்லாவிட்டாலும் அவசர அழைப்பு கிடைக்கிற எந்த நெட்வொர்க்கையும் பிடித்துக்கொள்ளும். மேப்பில் நீலப் புள்ளியை அழுத்தி வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படித்துச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

எந்த மேப்புக்கும் தெரியாத ஒன்று ஓதம். கிளிஃப்டனுக்கு வடமேற்கே கிளாடாடஃப் என்ற ஊருக்கு எதிரே ஓமி தீவு. நீர் வற்றினால் மணலில் நட்ட கம்பங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தும் போகலாம், காரிலும் போகலாம். நீர் ஏறினால் அந்தப் பாதையே கடல். ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் நடைபாதையைப் பார்த்த மும்பைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் நாலரை மீட்டருக்கு மேல் ஹை டைட் வரும் தேதிகளை மாநகராட்சி அறிவிப்பதுபோல அங்கேயும் அட்டவணை உண்டு. சென்னைக் கடலில் ஒரு மீட்டர் ஏறி இறங்குவதையே பார்த்து வளர்ந்தவர்கள்தான் அசட்டையாக இருந்துவிடுவார்கள். கால்வே விரிகுடாவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். ஹை டைட் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. கரையிலிருக்கும் அறிவிப்புப் பலகையில் எழுதிய நேரத்தையே பின்பற்ற வேண்டும். வாடகைக் காரை மணலில் இறக்குவது இன்ஷூரன்ஸில் சேராது என்று ஒப்பந்தத்தில் இருக்கும், நடந்தே போங்கள்.

அட்டவணையைப் படிப்பதில் ஒரு பொறி உண்டு. பல ஓத அட்டவணைகள் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். கோடையில் அயர்லாந்து அதைவிட ஒரு மணி முன்னால். ஒரு மணி நேரம் பிசகினால் திரும்பி வரும்போது தண்ணீர் இடுப்பளவு. அந்தக் கோடை நேரத்துக்குப் பெயர் ஐரிஷ் ஸ்டாண்டர்டு டைம், சுருக்கினால் ஐஎஸ்டி. நம் ஐஎஸ்டியும் அதே மூன்றெழுத்து. உள்ளூர்ப் படகுக்காரர் அனுப்பிய சீட்டில் “10:00 ஐஎஸ்டி” என்று இருந்தால் அது மும்பையில் மதியம் 2:30. ஃபோன் காலண்டரில் நேர மண்டலத்தை டப்ளின் என்று கையால் தேர்ந்தெடுங்கள். கோடையில் நேரம் மாற்றும் நாடுகள் பெரும்பாலும் குளிர்கால நேரத்தை இயல்பு என்று வைத்துக் கோடையில் ஒரு மணி கூட்டும். அயர்லாந்துச் சட்டம் கோடை நேரத்தை இயல்பு என்று வைத்துக் குளிர்காலத்தில் ஒரு மணி குறைக்கிறது. 2018-இல் கணினிகளின் நேர மண்டலத் தரவுத்தளம் இதைச் சட்டப்படியே எழுதப் போக, இப்படி ஒரு மணி குறையும் கணக்கை எதிர்பார்க்காத மென்பொருள்கள் சில உளறின. நிரல் எழுதுபவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

சிம் விஷயத்தில் இ-சிம் சௌகரியம், ஆனால் பெரும்பாலான சுற்றுலா இ-சிம்கள் டேட்டா மட்டும் தருபவை. அழைக்கும் எண் கிடையாது. படுக்கையும் காலை உணவும் தரும் கிராமத்து பி அண்ட் பி வீடுகளை நடத்தும் அம்மாக்கள் வாட்ஸாப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள், ஃபோன் போட்டுத்தான் பேச வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் தங்குபவர்கள் டப்ளினிலேயே உள்ளூர்ப் ப்ரீபெய்டு சிம் வாங்கிக்கொள்வது மேல். இ-சிம்தான் என்றால் மும்பையிலேயே நிறுவிவிடுங்கள், நிறுவவே இணையம் வேண்டும். எந்த ஐரிஷ் நெட்வொர்க்கில் தொற்றும், ஒன்றா பலவா என்று வாங்கும் முன் பாருங்கள். டோனகலில் ஃபோன் தானாகவே எல்லைக்கு அப்பாலுள்ள பிரிட்டிஷ் டவரைப் பிடிக்கும். பேக்கில் பிரிட்டன் சேராவிட்டால் டேட்டா நின்றுவிடும், இந்திய ரோமிங் என்றால் பில் ஏறும். அந்தப் பக்கம் போகும் நாளில் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள்.

இந்திய சிம்மைக் கழற்றிவிடாதீர்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து, எஸ்எம்எஸ் வரும்படி ரோமிங்கை இயக்கி வையுங்கள். சிக்னல் இல்லாத பள்ளத்தில் உட்கார்ந்து பி அண்ட் பி வைஃபையில் படகு டிக்கெட் பதிவு செய்தால் பணம் கட்டும் பக்கம் வரை எல்லாம் பிரமாதமாகப் போகும், ஓடிபி மட்டும் வராது. ஸ்கெல்லிக் மைக்கேல் தீவில் ஒரு நாளைக்கு 180 பேர்தான் இறங்கலாம், சீசன் பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும். அதையெல்லாம் மும்பையிலேயே முடித்துவிடுங்கள். 618 படி, கைப்பிடி கிடையாது, முட்டிவலிக்காரர்கள் தீவைச் சுற்றிவரும் படகோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அங்கே யூபிஐயை மறந்துவிட வேண்டியதுதான். கார்டு எங்கும் எடுப்பார்கள், தட்டினால் 50 யூரோ வரை பின் கேட்காது. புது இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் தட்டிக் கட்டும் வசதியும் மூடியே வரும். இரண்டையும் வங்கி ஆப்பில் தனித்தனியாகத் திறக்க வேண்டும். மெஷின் ரூபாயில் கட்டவா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் கடைக்கார மெஷினின் மாற்று விகிதம், எப்போதும் நஷ்டம். கார் வாடகைக்கு முன்பணம் பிடித்துவைக்கக் கிரெடிட் கார்டு கேட்பார்கள், ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும்.

பிளக்கில்தான் மும்பைக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வோல்டேஜ் நம்மைப் போலவே 230, 50 ஹெர்ட்ஸ், கன்வர்ட்டர் வேண்டாம். மாறுவது ஓட்டைதான். மூன்று பட்டைப் பின், உள்ளே ஃபியூஸ் வைத்த டைப் ஜி. சாக்கெட்டுக்குள் ஒரு மூடி இருக்கும், மேலே உள்ள நீளமான எர்த் பின் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு வாசலும் திறக்கும். ஏர்போர்ட்டில் விற்கும் யுனிவர்சல் அடாப்டர் ஃபோன் சார்ஜருக்குப் போதும். அதில் நம் மூன்று முள் பிளக்கைச் செருகினால் பல அடாப்டர்களில் எர்த் எங்கும் போய்ச் சேராது. உலோக உடம்புள்ள ரைஸ் குக்கரை அதில் மாட்டுவது ஆபத்து.

இதற்கு நல்ல வழி லேமிங்டன் ரோடில் இருக்கிறது. நாலு இந்திய சாக்கெட் உள்ள நல்ல ஸ்பைக் பஸ்டர் ஒன்றும், டைப் ஜி பிளக் டாப் ஒன்றும் வாங்கிக் கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். பிளக்கைத் திறந்து எர்த் மேலே இருக்கும்படி பிடித்தால் பழுப்பு வயர் வலது கீழே ஃபியூஸ் பக்கம், நீலம் இடது கீழே, பச்சை-மஞ்சள் மேலே. பழைய ஒயரில் சிவப்பும் கருப்பும் இருந்தால் சிவப்பு பழுப்பின் இடத்துக்கும் கருப்பு நீலத்தின் இடத்துக்கும் போகும். வயரின் மேலுறை உள்ளே உள்ள பிடிக்கு அடியில் சிக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் இழுத்த வேகத்தில் எர்த் கழன்றுவிடும். ரைஸ் குக்கர் 700 வாட் என்றால் மூன்று ஆம்பியர்தான், ஃபியூஸ் 13 தேவையில்லை, 5 போட்டால் போதும். தங்குமிடத்தில் சமைக்க விடுவார்களா என்பது வேறு விஷயம், கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

பாத்ரூமில் சாக்கெட்டே இருக்காது, ஷேவருக்கான சின்னத் துளை இருந்தால் உண்டு. வெந்நீர் வரவில்லை என்றால் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை ஒருமுறை இழுங்கள், அதுதான் எலெக்ட்ரிக் ஷவரின் சுவிட்ச். சில வீடுகளில் “இம்மர்ஷன்” என்று சுவிட்ச் இருக்கும், நம் கீசர்தான். “சிங்க்” என்றால் தொட்டியின் மேல்பாதி மட்டும் சுடும், “பாத்” என்றால் முழுத் தொட்டி. இரவு முழுக்க அதை அணைக்காமல் விட்டால் வீட்டுக்காரர் முகம் மாறும்.

அறையில் கெட்டில் கட்டாயம் இருக்கும், கொதிக்க இரண்டு நிமிடம். பித்தளை ஃபில்டரும் மாட்டுங்கா மார்க்கெட்டில் அரைத்த பொடியும் இருந்தால் போதும், பால் அவர்களிடம் கேட்டால் தருவார்கள். நெய், பால்கோவா எடுத்துப் போக முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பெட்டியில் வரக்கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் போகாது. சான்றிதழ் இல்லாமல் அனுமதிக்கும் பழங்கள் அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டூரியன் ஐந்துதான்.

மழையைப் பற்றி மும்பைக்காரரிடம் பேசத் தேவையில்லை என்று தோன்றும். அளவில் நாம்தான் மேல், நாலு மாதத்தில் 2,000 மில்லிமீட்டரைத் தாண்டிவிடுவோம். அங்கே மேற்கில் வருஷம் முழுக்கச் சேர்த்து 1,000 முதல் 1,400 வரைதான், மலைமேல் மட்டும் அதிகம். ஆனால் அது 225 நாள்வரை சிதறி, பக்கவாட்டில் வருகிறது. குடை முதல் காற்றிலேயே முதுகு திரும்பிவிடும். அந்தத் தூறல்தான் ஃபோனுக்கு எதிரி. தொடுதிரை விரலின் மின்னேற்றத்தை அளப்பது, நீர்த்துளியும் அதற்கு விரல் மாதிரிதான். மேப் தானாகப் பெரிதாகும், சுருங்கும், யாருக்கோ ஃபோன் போகும். கேமராவுக்கு வால்யூம் பட்டனை ஷட்டராக வையுங்கள். திரையைத் துடைக்கப் பருத்திக் கைக்குட்டை இரண்டு வேண்டும், ஒன்று எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். யூஎஸ்பி துளையில் ஈரம் பட்டால் ஃபோன் சார்ஜ் ஏற மறுக்கும். ஊதாமல், துளை கீழே பார்க்கும்படி தட்டிவிட்டு அரை மணி காய விடுங்கள். உப்பு நீர் என்றால் முதலில் நல்ல நீரில் நனைத்த துணியால் ஒற்ற வேண்டும். அந்நாட்டு வானிலைத் துறையான மெட் ஏரனின் ஆப்பில் மழை ராடார் நன்றாக இருக்கிறது, கிளம்பும் முன் அறையிலேயே பார்த்துவிடுங்கள்.

ஜூனில் இரவு பத்து வரை வெளிச்சம் இருப்பதால் ஃபோன் பதினைந்து மணி நேரம் உழைக்கும். 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் 74 வாட்-மணி, விமானத்தின் 100 வரம்புக்குள் அடங்கும், கைப்பையில்தான் வர வேண்டும். கேமரா உள்ள டிரோன் எவ்வளவு சின்னதானாலும், பொம்மை வகை தவிர, அங்கே பதிவு கட்டாயம். அந்தக் காற்றில் அதை விட்டுவிட்டே போகலாம்.

காரைப் பற்றிச் சுருக்கமாக. இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், பயமில்லை. இந்திய லைசென்ஸே சட்டப்படி செல்லும் என்றாலும் ஐடிபி என்ற சர்வதேச ஓட்டுநர் அனுமதி கேட்கும் வாடகை நிறுவனங்கள் உண்டு, ஆர்டிஓவில் எடுத்துக்கொண்டே போங்கள். ஆட்டோமேட்டிக் சீக்கிரம் தீரும், விலையும் கூட. அடிபடுவது எப்போதும் இடப்பக்கக் கண்ணாடியும் டயரும்தான், முள்வேலிக்குள் கல் சுவர் ஒளிந்திருக்கும். சாதாரண இன்ஷூரன்ஸில் டயரும் கண்ணாடியும் அடிப்பாகமும் சேராது என்பது அங்கேதான் பலருக்குத் தெரியவருகிறது. டப்ளினைச் சுற்றும் எம்50 சாலையில் டோல் சாவடி கிடையாது, கேமராதான். மறுநாள் இரவு எட்டுக்குள் இணையத்தில் கட்ட வேண்டும். வாடகைக்காரர் கட்டுவாரா நீங்களா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். கெர்ரி வளையம் என்ற சுற்றுச் சாலையில் டூர் பஸ்கள் கில்லார்னியிலிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போகும். டிங்கிளின் ஸ்லே ஹெட் வட்டத்தைக் கடிகாரத் திசையில் ஓட்டுவதே அங்குள்ள வழக்கம், மாற்றிப் போனால் பஸ்ஸுக்கு நேர் எதிரே நிற்பீர்கள்.

கடைசியாக, கேல்டாக்ட் என்ற ஐரிஷ் பேசும் பகுதிகளில் ஊர்ப்பலகை ஐரிஷில் மட்டும்தான் இருக்கும். 2005-இல் இது சட்டமானபோது டிங்கிள் ஊரில் பெரிய தகராறே நடந்தது. பலகையில் அன் டாங்கன் என்று வந்துவிட்டால் சுற்றுலாக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். பம்பாயா மும்பையா பார்த்தவர்களுக்கு அந்தச் சண்டை அந்நியமில்லை. மேப்பின் குரல் ஆங்கிலப் பெயரைச் சொல்லும், பலகை வேறொன்றைச் சொல்லும். அன்றன்றைக்குப் போகும் ஊர்களின் ஐரிஷ் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். முக்கோணப் பலகையில் “கேல் ஸ்லீ” என்பது வழி விடு. சாலையில் “கோ மால்” என்றால் மெதுவாகப் போ, மாலுக்குப் போ என்றல்ல. பப்பில் கழிப்பறைக் கதவுகள் இரண்டிலும் ஆங்கில எழுத்தில்தான் எழுதியிருக்கும். “ஃபிர்” என்று எஃப்பில் தொடங்குவது ஆண்களுக்கு, “ம்னா” என்று எம்மில் தொடங்குவது பெண்களுக்கு. அந்த நேரத்தில் ஃபோனை எடுத்து மொழிபெயர்ப்பு தேட அவகாசம் இருக்காது.